நரி முகத்தில் விழித்தவர்

மே 4, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலை, பின்வாசலில் சிதறிக் கிடந்த கோழி எலும்பைப் பெருக்கித் தள்ளியது. விடியும்போதே வளைகுடாப் புழுக்கம். ரூவி மலை தூசியில் மறைந்தே போச்சு.

எலும்பு வைப்பது இவர். நரிக்கு.

"நரி முகத்துல முழிச்சா நல்லது. காண்ட்ராக்ட் ரினியூ ஆகட்டும், நிறுத்திடறேன்." சிவில் இன்ஜினியர் பேசுகிற பேச்சு!

வழக்கமாக வெளிச்சம் வந்ததும் நரி மலைக்கு ஓடிவிடும். இன்று போகவில்லை. வெயில் ஏறியும் ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில் தள்ளாடி நின்றது. வாயோரம் எச்சில். மதுவுக்கு ஒரே குஷி. "அம்மா, இட்ஸ் நாட் ஈவன் ஸ்கேர்ட்!"

பயப்படாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வாங்க: தயிர், மல்லி. இவர் சட்டை இஸ்திரிக்கு.

மே 6, செவ்வாய்

இவர் கட்டைவிரலில் பிளாஸ்டர். "டின் மூடி கிழிச்சிடுச்சு." இந்த வாரம் வீட்டில் டின்னே திறக்கவில்லை.

மதுவைத் தனியாகக் கேட்டேன். "அப்பா சொல்லாதேன்னாங்க. நேத்து எலும்பு வைக்கறப்ப லேசா கடிச்சுதும்மா. நான் தொடவே இல்ல, ப்ராமிஸ்."

சாயங்காலம் வாட்ச்மேன் பாய்: "லோம்டி பாகல் ஹோகயா, மேடம்." நரிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம், பார்க்கிங்கில் கார் டயரைக் கடிக்கிறதாம்.

தோசை தீய்ந்தது.

மே 7, புதன்

நரி செத்துக் கிடந்தது. முனிசிபாலிட்டி ஆட்கள் கையுறையோடு வந்து பையில் போட்டார்கள். யாரையாவது கடித்ததா என்று ஒவ்வொரு வீடாக விசாரணை. இவர் கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, "மாஃபி, மாஃபி", அப்படி எதுவும் இல்லை என்று அரபியில் சொல்லிச் சிரித்தார். நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு.

உள்ளே வந்து சண்டை.

"நாளைக்கு ரினியூவல் மீட்டிங். இப்பப் போய் ஹாஸ்பிடல், லீவுன்னு நின்னா வேற ஆளைப் போட்டுடுவான். வெள்ளிக்கிழமை போலாம்."

"வெறி முத்திட்டா மருந்தே கிடையாதுங்க."

"வந்துட்டா பாரு, பி.எஸ்ஸி. விலங்கியல்! சின்னக் கீறல்டி. கலாஸ், முடிஞ்சுது, விடு."

விடவில்லை.

குளிக்கிறார். பாத்ரூமில் பாட்டு வேறு. வெளியே வந்ததும் தயிர் வாங்கணும் என்று கூப்பிடுவேன், வண்டியை நான் ஓட்டுவேன், மதுவையும் ஏற்றிக்கொண்டு. நிறுத்துவது ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசலில். இறங்க மாட்டேன் என்றால் அவர் எதிரிலேயே மேனேஜருக்குப் போன் போட்டு, நரி கடித்ததைச் சொல்லிவிடுவேன். வேலை போனால் போகட்டும்.

மேனேஜர் நம்பரை அவர் போனிலிருந்து என் போனில் ஏற்றிக்கொண்டுவிட்டேன்.