தலைகீழ் சுவிட்ச்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா, நான், உன் சித்தி மூன்று பேரும் இங்கே முழுசாக இருக்கிறோம், அதை முதலில் படித்து மனதைத் தேற்றிக்கொள். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். நேற்று போனில் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், தொண்டை கட்டியிருக்கிறது என்றேன், அது பொய். அம்மா பக்கத்தில் இருந்தாள், அவளை வைத்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்தது செவ்வாய்க்கிழமை, இன்று வெள்ளி. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் வயசாகிவிட்டது என்று நினைக்காதே, பயம்தான்.

செவ்வாய் காலை பத்து மணிக்குப் பழைய மீட்டரைக் கழற்றிப் புதுசு மாட்டுவார்கள் என்று கரண்ட் ஆபீசிலிருந்து முந்தின வாரமே சீட்டு வந்திருந்தது. சொன்ன நேரத்துக்கே மீட்டர்காரர் ஏணியோடு வந்து நின்றார். நல்ல மனுஷன், வந்ததும் வராததுமாகச் சொன்னார், சுவிட்ச அணைச்சா மட்டும் பத்தாது சார், எல்லா ப்ளக்கையும் புடுங்கிடுங்க, கரண்ட் விடுறப்ப சில சமயம் கூடுதலா வந்து பொருள அடிச்சிரும் என்று. எனக்குத்தான் தெரியுமே, முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு யாராவது எதையாவது சொல்லிக்கொடுத்தால் காதில் ஏறாது. ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன், டி.வி., வாஷிங் மெஷின், நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பிடுங்கினேன். அம்மாவின் ஆக்சிஜன் மெஷினை மட்டும் பிடுங்கவில்லை. அதன் ப்ளக் உன் ரூமில் இரும்பு அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, சுவிட்ச் மட்டும்தான் வெளியே, அலமாரியை நகர்த்தச் சோம்பல். சுவிட்சை அணைத்துவிட்டேனே போதாதா என்று விட்டுவிட்டேன். அசையாமல் உட்கார்ந்திருந்தால் அரைமணி நேரம் மெஷின் இல்லாமல் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னபடி, அம்மாவை ஹாலில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்திருந்தோம்.

அது எந்த சுவிட்ச் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ எட்டாவது படிக்கும்போது உடைந்துபோய், நானே புதுசு வாங்கி மாட்டினேனே, அதேதான். வீட்டில் மற்ற எல்லா சுவிட்சும் கீழே தட்டினால் எரியும், மேலே தட்டினால் அணையும், இது ஒன்று மட்டும் நேர்மாறு. தலைகீழா மாட்டிட்டீங்கப்பா என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். தப்பு என்று ஒத்துக்கொண்டால் என் தலை இறங்கிப்போயிருக்குமா என்ன. திருடன் வந்தா குழம்பட்டும்னுதான் அப்படி மாட்டினேன் என்று சமாளித்தேன். நீயும் மாற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாய். அப்போது அந்த ப்ளக்கில் உன் ரூம் விளக்குதான் இருந்தது, வருகிற விருந்தாளியெல்லாம் அந்த ரூமில் இருட்டில் தடவுவதைப் பார்த்து நாம் மூவரும் சிரிப்போம். கல்யாணமாகி நீ கிளம்பிப்போனாய், அம்மாவின் கட்டில் அந்த ரூமுக்கு வந்தது, மெஷினும் வந்தது, சுவிட்ச் அப்படியே இருந்தது.

உன் சித்தி அம்மாவுக்கு ஒத்தாசையாக வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, இரவில் ஹாலில் படுக்கிறாள், மெஷினைப் போடுவதும் அணைப்பதும் நான்தான் என்பதால் அந்த சுவிட்சை அவள் தொட்டதே இல்லை. மீட்டர்காரர் வேலையை முடிக்கும் நேரம், நான் அவளைக் கூப்பிட்டு, ஒரு தடவ எல்லா ரூமும் பாத்துட்டு வா, எல்லா சுவிட்சும் மேல பாத்து இருக்கணும் என்று அதிகாரமாகச் சொன்னேன். என் வாயால் சொன்னேன் குட்டிம்மா, எல்லா சுவிட்சும் என்று. அவள் போய்ப் பார்த்தாள், ஒன்று மட்டும் கீழே இருந்தது, அதையும் மேலே தட்டிவிட்டு வந்தாள். மீட்டர்காரர் ஹாலில் ஒரு பல்பை மாட்டி வைத்துக்கொண்டு, எல்லா ப்ளக்கும் கழட்டியாச்சா என்று கேட்டார். கழட்டியாச்சு என்றேன். பல்ப வச்சுப் பாத்துடுறேன், மெயினப் போடுங்க என்றார். என் கையால்தான் போட்டேன். அந்த பல்பு எரிந்த மாதிரி ஒரு பல்பு எரிந்து நான் பார்த்ததே இல்லை, கண்ணைப் பறிக்கிற வெள்ளை. அணைங்க அணைங்க என்று அவர் கத்தினார். நான் பேந்தப்பேந்த விழித்துவிட்டு அணைப்பதற்குள் மூன்று வினாடி போயிருக்கும், உன் ரூமில் படார் என்று ஒரு சத்தம், பின்னாலேயே ரப்பர் கருகுகிற நாற்றம். கம்பத்தில் ஒரு கம்பி விட்டுப்போய் அளவுக்கு மேல் கரண்ட் வந்துவிட்டதாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த மனுஷன் பல்பை வைத்துப் பார்த்திருக்கிறார். ஃபிரிட்ஜுக்கு ஒன்றுமில்லை, டி.வி.க்கு ஒன்றுமில்லை, மெஷின் மட்டும் கரிக்கட்டை.

அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டாள், என்னவென்று அவளுக்கும் புரிந்துவிட்டது. அதுவரை அமைதியாக உட்கார்ந்திருந்தவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவியில் தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு, எண்பத்துநாலு என்று இறங்கிக்கொண்டே வந்தது. உதட்டு நிறம் மாறியதை நான் பார்த்தேன். அதைப் பார்த்த கண்ணால் இன்று வரை சரியாகத் தூங்க முடியவில்லை. போன தடவை வந்தபோது நீ சண்டை போட்டு வாங்கி வைத்தாயே ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், இடத்தை அடைக்கிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டே அதன் மேல் துண்டு காயப்போட்டுவந்தேனே, அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். வந்தால், அதைத் திறக்கிற ஸ்பேனர் மாதிரியான சாவி அதில் இல்லை. நான்தான் எடுத்திருக்கிறேன், பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்று அதை வைத்து முறுக்கிவிட்டு அங்கேயே ஜன்னல் மேல் போட்டிருக்கிறேன், அதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. சித்திதான் ஓடிப்போய் எடுத்துவந்தாள். மீட்டர்காரர் திறந்துவிட்டார். எண் மறுபடி தொண்ணூறைத் தொடும்வரை நாங்கள் மூவரும் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு நான் செய்ததுதான் வெட்கக்கேடு. மூச்சு சீரானதும் சித்தியைப் பார்த்துக் கத்தினேன், அக்காவக் கொல்லப் பாத்தியே என்று. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. அவள் அழக்கூட இல்லை, நீங்கதானே அத்தான் எல்லாம் மேல இருக்கணும்னு சொன்னீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள். மீட்டர்காரர் உன் ரூமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, யாரு சார் இதத் தலகீழா மாட்டுனது என்று கேட்டார். அம்மாதான் மூக்கில் குழாயோடு என் பக்கம் விரலை நீட்டினாள். நான் போய் சித்தி முன்னால் நின்று, தப்பு என்னோடதுதான்மா என்றேன். என் ஆயுசில் இந்த வாக்கியத்தை நான் யாரிடம் சொல்லியிருக்கிறேன், யோசித்துப் பார். அவள் பெட்டியை மூடிவிட்டாள், ஆனால் கிளம்பவில்லை. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வேறு மெஷின் வந்துவிட்டது, அலமாரியை நகர்த்தி ப்ளக் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் மெயினை அணைத்துவிட்டு அந்த சுவிட்சைக் கழற்றி நேராக மாட்டினேன். இரண்டே இரண்டு திருகாணி. ஆரம்பித்து முடிக்க நாலு நிமிஷம் ஆனது. பதினேழு வருஷமாக அந்த நாலு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை குட்டிம்மா.

நீ இதற்காக டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடிவராதே, அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னைத் திட்டவும் செய்கிறாள். உங்கள் வீட்டிலும் மீட்டர் மாற்ற வந்தால் சுவிட்சை நம்பாதே, ஒவ்வொரு ப்ளக்கையும் உன் கையால் பிடுங்கி, பிடுங்கியதைக் கண்ணால் பார். சித்திக்கு ஒரு போன் பண்ணி இரண்டு வார்த்தை ஆசையாகப் பேசு, நான் சொன்னேன் என்று சொல்லாதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நல்ல மூச்சோடும் இருக்க வேண்டும், அப்பாவும் அம்மாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். அடுத்த முறை வரும்போது உன் ரூமில் விளக்கைப் போட உன் கை பழக்கத்தில் அந்த சுவிட்சை மேலே தட்டப் போகும், இப்போது மேலே தட்டினால் அம்மாவின் மெஷின் அணைந்துவிடும். எதையும் தொடாதே, இருட்டிலேயே நின்று என்னைக் கூப்பிடு, நான் வந்து போடுகிறேன்.

இப்படிக்கு,
தப்பை ஒத்துக்கொண்ட உன் அப்பா