அபிடேகத்துக்கு வைத்த தேன்

அக்கா,

இன்று காலை உத்தமபாளையத்து மருத்துவர் என் புயத்தில் ஸ்பிரிட்டைத் தடவினார். உங்கள் நீரிழிவு எனக்கும் வந்துவிட்டது. ஊசியின் வலியைவிட அந்த வாடைதான் என்னை நிலைகுலைத்தது. நம் வீட்டுக் கூடத்து மூலையில், கண்ணாடி ஊசிக்குழலை வெந்நீரில் கொதிக்க விட்டு நீங்கள் அன்றுபோல் அமர்ந்திருப்பதை மனக்கண்ணில் கண்டேன்.

கணவரை இழந்து, ஒரு சாம்பல் பூனையோடு எம் இல்லம் புகுந்தீர்கள். அது சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்ததை முதலில் பார்த்தவரும் நீங்களே. "ஏத்தா, சீக்கையும் பூனைக்குப் பங்கு வச்சிட்டீகளா?" என்று அன்றைய மருத்துவர் நகைத்தார். பின்பு உங்கள் இன்சுலினிலேயே அதற்குத் துளியளவு அளந்து காட்டினார். சோறு ஆகாது, மீனே உணவு. ஊசி போட்டதும் வயிறு நிறைய வேண்டும். மயங்கினால் வாயில் தேன் தடவுங்கள் என்றார். சைவ மனையாதலால், மீன்காரி முல்லையாற்று அயிரையை மாட்டுக்கொட்டிலின் பின்புறம் தந்து போவாள். நான் காணாதவன்போல் இருந்தேன்.

கார்த்திகைச் சோமவாரத்தன்று அவ்வாறு இருக்க மனம் இசையவில்லை. அவளைத் தெருவிலேயே திருப்பி அனுப்பினேன். "சாமி பேரச் சொல்லிப் பூனையப் பட்டினி போடுறீகளாக்கும்" என்று முனகிக்கொண்டே போனாள். மீன் வரும் என்று நம்பி, விடியலிலேயே நீங்கள் ஊசி போட்டிருந்தீர்கள். ஊசி போட்டாயிற்றா என்று நான் கேட்கவுமில்லை, மீனைத் திருப்பியதைச் சொல்லவுமில்லை.

முற்பகலில் பூனை தள்ளாடி விழுந்து கால்களை உதறியது. நோய்க்கு அஞ்சி அடுக்களையில் வெல்லமும் வைப்பதில்லை. பாலும் மேகமலைத் தேனும் பூசையறையில் இருந்தன. கைம்பெண் நுழையலாகாது என்று நான் வகுத்த அந்த அறைக்கு வெளியே, பூனையைக் கையில் ஏந்தி நின்றீர்கள்.

"ஒரு சொட்டுத் தேன் குடு தம்பி. எனக்கு வார மயக்கந்தான் இதுக்கும். தடவுனாப் பொழச்சுக்கிரும்."

"அபிசேகம் முடியட்டும்க்கா. முன்னாடி எடுத்தா எச்சிலாயிரும்."

பதிகத்தில் ஓர் அடியும் விடாமல் ஓதினேன். குரல் அன்று நன்றாகவே இருந்தது. தேனோடு வெளியே வந்தபோது பூனையின் உடல் விறைத்திருந்தது. நீங்கள் அழவில்லை. அதன் கண்களை மூட முயன்றுகொண்டிருந்தீர்கள், அவை மூடவில்லை.

அதன்பின் ஈராண்டே உயிரோடு இருந்தீர்கள். முன்பெல்லாம் நெல்லளவேனும் பஞ்சாமிர்தம் வாங்கி நாவில் வைப்பவர், பிறகு ஒருநாளும் என் கையால் வாங்கவில்லை. உறவினர் கேட்டால், "எனக்குத்தான் சீனி வியாதியாச்சே, தம்பி குடுத்தாலும் ஆகுமா?" என்று சிரித்தே சொன்னீர்கள். எவரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்றும் நாள் தவறாமல் அபிடேகம் செய்கிறேன், அக்கா. பிரசாதத்தோடு வெளியே வருகையில், வாசலில் உங்கள் கை அதை மறுத்த பின்னரே மற்றவர்க்கு என்னால் வழங்க முடிகிறது.