சாலெமுதா ஊரில் ஆறு வீடுகளுக்குப் போன உப்பு

அனுப்புநர்:
திருமதி எசேதா துவாலா,
மகளிர் குழு உறுப்பினர்,
சாலெமுதா, சவாயி தீவு, சமோவா.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
வட்டார மருத்துவமனை.

பொருள்: இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோர் மாற்று உப்பு சேர்த்ததால் வந்த ஆபத்து – செவிலியரை உடனே அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மருத்துவர் ஐயா அவர்களுக்கு, கர்த்தருடைய சமாதானம் உண்டாவதாக.

1. என் கணவர் விலியாமுவுக்கு அறுபத்திரண்டு வயது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. கடந்த மே மாதம் தங்கள் மருத்துவமனையில் பழைய மாத்திரையை மாற்றி எனலாப்ரில் கொடுத்தார்கள். உறையின் மேல் "காலை ஒன்று" என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு நாளும் தவறாமல் என் கையாலேயே கொடுத்து வந்தேன். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன்.

2. ஜூன் மாதம் ஆக்லாந்திலிருந்து எங்கள் மகள் லித்தியா அப்பாவுக்கென்று ஒரு பெரிய டப்பா உப்பு அனுப்பினாள். சோடியம் குறைந்தது, இதயத்துக்கு நல்லது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். எங்கள் மொழி வேதாகமத்தையும் ஆங்கில வேதாகமத்தையும் அருகருகே வைத்து ஆங்கிலம் கற்றுக்கொண்டேன். பெரிய எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அடியிலிருந்த சின்ன எழுத்தைப் படிக்கவில்லை. அது என் பிழை.

3. கெடுதல் இல்லாத உப்புதானே என்று மீனிலும் தேங்காய்ப்பாலிலும் தாராளமாகவே போட்டேன். சனிக்கிழமைதோறும் மகளிர் குழுவின் கருவியில் அவருக்கு அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதுவேன். 168 என்றிருந்தது 136க்கு இறங்கியது. அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. கேட்ட ஆறு பெண்களுக்கு ஜாம் பாட்டில்களில் அந்த உப்பைக் கொட்டிக் கொடுத்தேன். ஆறு பேரும் அதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

4. ஆகஸ்ட் 6 ஞாயிறு ஆராதனையில், இரண்டாம் பாட்டுக்கு எழுந்த என் கணவர் கால் துவண்டு விழுந்தார். மருத்துவமனை சேரும்போது நாடித்துடிப்பு முப்பத்தெட்டு. தாங்கள்தான் இரத்தம் பார்த்து, இந்த மாத்திரை உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும், அந்த உப்பில் இருப்பதோ பெரும்பாலும் அதுதான், அது மிஞ்சினால் இதயத் துடிப்பு குறைந்துவிடும் என்று விளக்கினீர்கள். அவர் பிழைத்தது தேவ கிருபை, தங்கள் கைத்திறன். கண் திறந்ததும், "வேதத்துல லோத்தோட பெஞ்சாதி திரும்பிப் பாத்து தானேதான் உப்புத்தூணா ஆனா. எம் பெஞ்சாதி என்னைய ஆக்கப் பாத்தா" என்றார். செவிலியர்கள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

5. மறுநாளே ஆறு வீடுகளுக்கும் நடந்தேன். ஐந்து பாட்டில்கள் திரும்ப வந்தன. பாடகர் குழுவில் முதற்குரல் பாடும் புவாதினோ மட்டும் தரவில்லை. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கச் சொல்லி எந்த வேதத்துல இருக்கு எசேதாக்கா? ரெண்டும் ஒத்துக்கலன்னா மாத்திரையை விட்டுட்டாப் போச்சு. இந்த உப்புதான் பிரஷரை எறக்குச்சுன்னு நோட்டைப் பாத்து வாசிச்சது யாரு, நானா?" என்றார். அன்றிலிருந்து அவர் மாத்திரையைத் தொடவில்லை. நேற்று முன்தினம் சனிக்கிழமை மகளிர் குழுவின் கருவியில் பார்த்தபோது அவருக்கு அழுத்தம் 198/112. தலைவலி என்று நேற்று பாடவும் வரவில்லை. இனி நான் சொன்னால் கேட்கமாட்டார். அதுவும் நியாயம்தான், நான் சொல்லித்தானே அந்த உப்பைத் தொட்டார்.

6. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது: இன்றே புவாதினோவைப் பார்க்க ஒருவரை அனுப்ப வேண்டும். மற்ற ஐவருக்கும் இரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை கொடுக்கும்போது, எந்த உப்பு ஆகாது, கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை எங்கள் மொழியில் வாயால் சொல்லி, உறையிலும் பெரிய எழுத்தில் எழுதித் தர வேண்டும். எந்தச் செவிலியரையும் தண்டிக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

இம்மனுவைக் காலைப் பேருந்தில் நானே கொண்டுவந்திருக்கிறேன். வருகிறவருக்கு வழிகாட்ட வெளியே பெஞ்சில் காத்திருக்கிறேன்.

இடம்: சாலெமுதா
நாள்: 21.08.2017

தாழ்மையுடன்,
எசேதா துவாலா

இணைப்பு: அழுத்தம் எழுதிய நோட்டு ஒன்று. உப்பு டப்பா ஒன்று. ஜாம் பாட்டில்கள் ஐந்து. ஆறாவது புவாதினோவின் அடுப்பருகில் இருக்கிறது.