பொருந்தாத போர்டு

என்னங்க, வணக்கம். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பாவின் இருமல் நின்றதா? நான் நலம்.

வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடும் வேலைக்கு வெள்ளிக்கிழமை தேர்வு. சொந்தக் கம்ப்யூட்டரில்தான் வரைந்து காட்ட வேண்டும். கிடைத்தால் இங்குள்ள ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாம். அதனால் பாகங்களை வாங்கி நானே பூட்டினேன். சிரிக்காதீர்கள், கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர், அதைப் பொருத்த வேண்டிய மதர்போர்டில் உட்காரவே இல்லை. பதறிப்போய் இரண்டையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"பிராசஸர் புது மாடல், போர்டு பழசு. ரெண்டும் சேரவே சேராதும்மா. அழுத்தினீங்களா?" என்றார் கடைக்காரர்.

"லேசா..." என்றேன்.

போர்டில் ஊசிபோல நிற்கும் பின்களில் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று அவர் லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தப்பிச்சீங்க" என்று போர்டை மாற்றிக் கொடுத்தார்.

"பவர் சப்ளை இதுக்குத் தாங்குமா?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அவரே சிரித்துவிட்டார்.

மறுபடி எல்லாவற்றையும் பூட்டினேன், இன்று காலை திரையில் வெளிச்சம் வந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை நடுவில் நின்றுவிடுமோ என்று அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்கிறேன்.

ஒரு சின்ன வேலை. ஸ்பீக்கர் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பாப்பா பேசுவதைப் பதிவு செய்து அனுப்புங்கள். நீளமாகவே பேசட்டும். நீங்களும் பக்கத்திலிருந்து ஏதாவது சொல்லுங்கள்.

ஆபீஸ் பஸ் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

பாப்பாவின் அம்மா