கண்ணி எந்தப் பக்கம்?

ஜூன் 3, செவ்வாய்

தீயணைப்பு நிலையத்துல இன்னைக்குக் கிணத்து மீட்பு ஒத்திகை. மணல் மூட்டையைக் கட்டி மேல இழுத்தோம். கை மாத்துறப்ப கயிறு பின்னால ஓடாமப் பிடிக்க, மரத்துல கட்டுன ஒரு சின்னக் கயித்தை அது மேல சுத்தி, கண்ணி வளையத்துக்குள்ள நுழைச்சு முடிச்சுப் போடணும். போட்டது நான். கை மாத்துனோம் — மூட்டை சர்ருன்னு உள்ள போயிருச்சு. “சின்னக் கயிறு தேஞ்சு வழுக்குது”ன்னு ஆபீசர் அதைத் தூக்கிப் போட்டுட்டார். எனக்குத் தேஞ்ச மாதிரி தெரியல.

ஜூன் 4

சரியாத்தானே கட்டுனேன்?

ஜூன் 6

பயிற்சி நோட்டைத் தேடி எடுத்தேன். ‘சுத்து கீழ, கண்ணி மேல’ — என் கையெழுத்துதான். ஆனா அது தொங்குற கயித்துல ஏறுறதுக்கு எழுதுனது. ஒத்திகையில கயிறு தரையிலதானே கிடந்துச்சு! தரையில மேல எது, கீழ எது? கிணறுதானே கீழன்னு கண்ணியை மரத்துப் பக்கம் வச்சேன்.

ஜூன் 7

ஜன்னல் கம்பியில கட்டி இழுத்துப் பார்த்தேன். கண்ணி பாரத்துப் பக்கம் இருந்தாப் பிடிக்குது, திருப்பி வச்சா வழுக்குது. கயித்து மேல தப்பில்ல, நாந்தான். பத்துத் தடவை கட்டுனதுல ரெண்டு தடவை மறுபடியும் திருப்பிக் கட்டியிருக்கேன். மூதேவி, உனக்கு என்னதான் ஆச்சு?

மூட்டைக்குப் பதிலா வேல்ராஜ் தொங்கியிருந்தா? எங்க குழுவுல கிணத்துக்குள்ள இறங்குறவன் அவன்தான்.

ஜூன் 9

நான் போட்ட முடிச்சைச் சட்டுனு அவுக்கலாம், ஆனா ஒரு பக்கந்தான் பிடிக்கும். ரெண்டு பக்கமும் பிடிக்கிற புரூசிக் முடிச்சு இருக்கு. ஆனா பாரம் ஏறுனா இறுகிக்கும், அவுக்க உயிர் போயிரும். எதைத்தான் போடுறது? மூட்டை விஷயத்தைச் சொல்லவா வேணாமா? சொன்னா, ‘இவளை எவன் கயித்துப் பக்கம் விட்டது’ம்பாங்க.

ஜூன் 14, சனி

நயினார்கோவில் பக்கம் ஒரு தோட்டக் கிணறு. மோட்டார் கழட்டப் போன, விவசாயம் பாக்குற சம்சாரி உள்ள விழுந்து கால் ஒடிஞ்சு கிடந்தார். வேல்ராஜ் இடுப்புல பட்டையை மாட்டிக்கிட்டே, “ஈஸ்வரி, சட்டுனு அவுக்கிற முடிச்சையே போடு”ன்னான்.

நான் சொல்லிட்டேன்: “இல்லப்பா, புரூசிக் போடுறேன். எனக்குப் பக்கம் குழம்புது. அன்னைக்கு மூட்டை விழுந்தது என்னாலதான்.”

“இதை இப்பவா சொல்லுவ?”ன்னு முறைச்சான். நான் கட்டுன புரூசிக்கை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். அப்புறம் இறங்கிட்டான்.

ரெண்டு பேரும் பாதி தூரம் வந்திருப்பாங்க, இழுத்தவங்க சேத்துல வழுக்கிக் கயித்தை விட்டுட்டாங்க. முடிச்சு பிடிச்சுக்கிச்சு. எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன்.

ரெண்டு பேரும் மேல வந்தாச்சு. முடிச்சுதான் கல்லு மாதிரி இறுகிப்போச்சு, பல்லால கடிச்சும் அவுழல. “நேரமாகுது, யாரு இந்த முடிச்சைப் போட்டது?”ன்னு ஆபீசர் சத்தம் போட்டார்.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள வேல்ராஜ், “மெதுவா அவுக்கட்டும் சார். தொங்குனவன் நானே சும்மாத்தானே இருக்கேன்”ன்னான்.