தகர டப்பாவில் கப்பல்

சனிக்கிழமை காலை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். நீங்களும் நலமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீங்கள் ‘இன்ஸ்பெக்டர் அம்மா’ என்று கூப்பிடும் நம் பெண் தானே தலை வாரிக்கொள்ளப் பழகிவிட்டாள். வகிடு நேராக வர முக்கால் மணி நேரம் ஆகிறது. பள்ளி வண்டிக்காரர் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோய், இப்போது நம் வீட்டுக்குக் கடைசியாக வருகிறார்.

அக்கா வந்து இரண்டு நாள் தங்கினாள். சுவரில் நீங்கள் ஒட்டிக்கொடுத்த பட அட்டைகளைப் பற்றி அவளுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பல் தேய்ப்பது, குளிப்பது, பள்ளி என்று வரிசையாக இருப்பதுதான் இவள் நாள் என்றேன். ஒரு வேலை முடிந்தால்தான் அதன் அட்டை தகர டப்பாவுக்குள் போகும். குளியல் அட்டையை அக்கா அவசரப்பட்டு டப்பாவில் போட்டுவிட்டாள். இவள் அதை எடுத்துப் பழையபடி ஒட்டிவிட்டு, தன் காதுக்குப் பின்னால் இருந்த சோப்பு நுரையைத் தொட்டுக் காட்டினாள்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையின் கடைசியில் கப்பல் படம் இருக்கிறதல்லவா? நீங்கள் கப்பல் வேலை முடிந்து வந்து வீட்டு வாசலில் கால் வைத்த பிறகுதான் அதை எடுப்பாள். செவ்வாய்க்கிழமை மாலை நாலே கால் மணிக்கு, பாட்டில் மூடிகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தவள் எழுந்து போய் அதை டப்பாவில் போட்டாள். நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று வாசலுக்கு ஓடினேன். யாரும் இல்லை. எனக்குப் பின்னாலேயே வந்து குனிந்தாள். உங்கள் செருப்பை எப்போதும் நேராக்கி வைப்பாளே, அதேபோல வெறும் தரையில் இரண்டு கையாலும் எதையோ ஒன்று சேர்த்து வைத்தாள். அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். இன்றுவரை அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள். நானும் அப்படித்தான் போகிறேன்.

மறுநாள் உங்கள் கம்பெனிக்குப் போன் செய்தேன். செவ்வாய் மாலைக்குப் பிறகு கப்பலிலிருந்து தகவல் இல்லையாம். "சிக்னல் கோளாறுதாம்மா, பயப்படாதீங்க" என்றார் கிளார்க். பயப்படுகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. கடிதம் கொடுத்தால் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். "எழுதி வைங்க, பார்ப்போம்" என்றார்.

தினமும் கப்பலை எடுத்துச் சுவரில் ஒட்டுகிறேன். அவள் கோபப்படுவதில்லை, கத்துவதில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடியும் டப்பாவில் போடுகிறாள். யாரையும் தானாகத் தொடாதவள்.

ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எத்தனை பேரோடு சண்டை போட்டிருப்பேன்! டீச்சரிடம், பக்கத்து வீட்டில், உங்கள் அம்மாவிடம்கூட. என் பெண் தப்பாக எதையும் செய்யமாட்டாள், நீங்கள்தான் அவளைப் புரிந்துகொள்ளவில்லை என்று ஒவ்வொருவரிடமும் அடித்துச் சொன்னேன்.

இந்த ஒரு தடவை அவள் தப்பு செய்திருக்க வேண்டும். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வந்து அவளிடம் சொல்லுங்கள்.

உங்கள் வரவுக்காக,
இன்ஸ்பெக்டரின் அம்மா