இடது காலும் வலது பக்கமும்

மார்ச் 3

பெடல் வந்துவிட்டது. அத்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்துச் செய்தது. பழைய கட்டிலிலிருந்து கழற்றிய ஒரு பலகை, நடுவில் போல்ட், இரண்டு ஓரங்களிலும் அவருடைய பழைய செருப்பு. இடது காலை முன்னால் தள்ளினால் வலது கால் பின்னால் வரும். அடியில் ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்றை மாட்டி, மூன்று வயர் இழுத்துக் கணினியில் சேர்த்திருக்கிறார். அக்காவைக் கட்டிய அத்தானுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. மேலே கீழே போவது மட்டும்தான் அவருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். மனுஷர் பக்கவாட்டிலும் கெட்டிக்காரர்.

எதற்கு இத்தனை பாடு? ஏப்ரல் கடைசியில் விமானப்படையின் விமானித் திறன் தேர்வு. திரையில் ஒரு புள்ளி குடித்தவன் மாதிரி அலையும். ஒரு வளையத்தை அதன் மேலேயே வைத்திருக்க வேண்டும். மேலே கீழே நகர்த்தக் கையில் ஜாய்ஸ்டிக், இடம் வலம் நகர்த்தக் காலில் பெடல். அதே நேரத்தில் காதில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். நம்முடைய எண் வந்தால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். ஆயுளில் ஒரே ஒரு முறைதான் உட்கார விடுவார்கள். தவறினால் தவறியதுதான். அப்புறம் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதல் முயற்சி, நூற்றுக்கு 31. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அக்கா, நீ ஓட்டுகிற விமானத்தில் ஏறுவதற்குப் பதில் நான் நடந்தே போய்விடுவேன் என்றாள்.

மார்ச் 9

காதில் எண் சொல்ல அக்காவை விட்டால் யார்? ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். இப்போது ஏழு மாத வயிற்றோடு விடுப்பில் இருக்கிறாள். வீட்டில் அறிவிக்க ஒன்றுமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரத்துக்கு எண்களைப் பதிவு செய்து கொடுத்தாள். அதே ரயில் நிலையக் குரல், அதே நிதானம். ஏழு, நான்கு, ஒன்பது என்று போய்க்கொண்டிருந்த குரல் நடுவில் சொல்கிறது: "பாத்திரம் கழுவாமல் இருக்கும் பயணி உடனடியாகச் சமையலறைக்கு வரவும்."

சிரித்ததில் வளையம் திரையை விட்டே போய்விட்டது.

மார்ச் 10

பாத்திரம் கழுவினேன். 44.

மார்ச் 21

மருந்துக்கடையிலிருந்து வீடுவீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு. சிக்னலில் நிற்கும்போது கூட இரண்டு காலும் மாறி மாறி அழுத்துகின்றன. பக்கத்து வண்டிக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பிரேக் வேலை செய்யலையாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார். செய்கிறது என்றேன். நம்பவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

71. இறங்கவே மாட்டேன் என்கிறது மனசு.

ஏப்ரல் 6

தொண்ணூற்று நான்கு! அத்தான் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். பைலட்டம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது கூப்பிடாவிட்டால் கோபம் வருகிறது. காலுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. புள்ளி வலப்பக்கம் ஓடினால் இடது கால் தானாகப் போய் அழுத்துகிறது.

நாளை மறுநாள் பயிற்சி மையத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே இருப்பது தேர்வில் இருக்கும் அதே மாதிரி இயந்திரமாம். சும்மா போய் அசத்திவிட்டு வரலாம்.

ஏப்ரல் 8

அசத்திவிட்டு வந்தேன்.

உட்கார்ந்தேன். புள்ளி வலப்பக்கம் ஓடியது. இடது காலை அழுத்தினேன். வளையம் இடப்பக்கம் போய்த் திரையின் ஓரத்தில் முட்டியது. இன்னும் பலமாக அழுத்தினேன், இன்னும் பலமாக முட்டியது. மதிப்பெண் 12. நான் சும்மா இருந்திருக்கலாம். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் கூப்பிட்டு, உங்கள் பெடல் தலைகீழாக இருக்கிறது, சரி பாருங்கள் என்று அதிகாரமாகச் சொன்னேன். வாய் என்றைக்குத்தான் என் பேச்சைக் கேட்டிருக்கிறது? அவள் சூயிங்கத்தை மென்றபடி குனிந்து பெடலைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.

"விமானத்துல இடது காலை அழுத்தினா இடது பக்கம்தான் போகும். பெடல் சரியாத்தான் இருக்கு. உங்க காலுதான் தலைகீழா இருக்கு."

அத்தான் வண்டி ஹேண்டில் கணக்கில் வயரைக் கொடுத்திருக்கிறார். ஹேண்டிலில் இடது கையை முன்னால் தள்ளினால் வண்டி வலப்பக்கம் திரும்பும், இல்லையா? அதே மாதிரி கால். நானும் காலையிலிருந்து மாலை வரை வண்டி ஓட்டுகிறவள். எனக்கும் ஒரு சந்தேகம் வரவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும்; எங்கள் வீட்டில் இரண்டு ஆனைகள், ஒரே இடத்தில் சறுக்கியிருக்கின்றன.

தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை. பஸ்ஸில் அழுதேன். ஒரே ஒரு வாய்ப்பு, அதற்கு இத்தனை நாள் உட்கார்ந்து தப்பாக— சே!

ஏப்ரல் 9

அத்தானிடம் சொல்லப்போவதில்லை. அந்தப் பலகையைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார் மனுஷர். கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் கொழுந்தியாளுக்கு விமானம் செய்து கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இதைக் கேட்டால் உடைந்துபோவார்.

மூன்று வயரில் ஓரத்தில் இருக்கும் இரண்டை இடம் மாற்றினால் திசை மாறிவிடும். ஸ்குரூடிரைவரை எடுத்தேன், ஐந்து நிமிட வேலை. அக்காவிடம் மட்டும் சொன்னேன், அத்தானிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. 27. பரவாயில்லை, பழகிவிடும்.

ஏப்ரல் 10

காலையில் 39. மாலையில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் 18. கால் மறுபடி பழைய புத்திக்குப் போய்விட்டதா? குனிந்து பார்த்தால் வயர் பழைய இடத்தில் இருக்கிறது. நேற்று நான் மாற்றவே இல்லையா? மாற்றினேனே! மறுபடி மாற்றினேன்.

ஏப்ரல் 11

மறுபடி பழைய இடத்தில். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? விமானப்படையில் பைத்தியங்களை எடுப்பார்களா? வயர் மேல் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, மாற்றி மாட்டினேன். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாயா என்றேன். முதுகு வலி என்றாள்.

ஏப்ரல் 12

மதியம் வேலையில் இருக்கும்போது அக்காவிடமிருந்து போன். "உடனே வீட்டுக்கு வா" என்று சொல்லி வைத்துவிட்டாள். வலி கண்டுவிட்டது என்று நினைத்து, மருந்துப் பையோடு பறந்தேன். செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினால் அக்கா நாற்காலியில் சாய்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருக்கிறாள். கையால் மேஜைக்கு அடியைக் காட்டினாள். அங்கே இரண்டு கால்கள். அத்தானுடையவை. கையில் ஸ்குரூடிரைவர்.

காலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தினமும் மதியம் உட்கார்ந்து விளையாடுகிறாராம். அவருடைய மதிப்பெண் 96! மூன்று நாளாகப் பெடல் தலைகீழாகப் போவதைப் பார்த்து, வயர் எப்படியோ மாறிவிடுகிறது, தேர்வு நேரத்தில் இவள் பயந்துவிடக் கூடாது என்று எனக்குத் தெரியாமல் தினமும் 'சரி'செய்து வைத்திருக்கிறார். அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு.

"ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டேன். நான் என்னதான் பண்றது?" என்றாள் அக்கா. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாளாம். அதற்கு மேல் சிரித்தால் பிள்ளை பிறந்துவிடும் என்றுதான் போன் செய்தாளாம்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு சான்ஸ்மா உனக்கு. அதுல போயி நான் கை வெச்சுட்டேனே."

இந்தப் பலகை இல்லாவிட்டால் தொடங்கியே இருக்க மாட்டேன் அத்தான் என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்னதில்லை. உண்மை.

ஏப்ரல் 14

வயர் இப்போது விமானத்தின் கணக்கில். ஆனால் கால் பழையதை மறக்க மறுக்கிறது; கொஞ்சம் பதறினாலும் பழைய பக்கம் பாய்கிறது. 52. அத்தான் யோசித்துவிட்டு, வயரோடு ஒரு சின்ன சுவிட்ச் சேர்த்து, நீளமாக இழுத்து, அக்கா கையில் கொடுத்திருக்கிறார். அவளுக்குத் தோன்றும்போது தட்டுவாள், திசை மாறிவிடும். எப்போது தட்டுவாள் என்று சொல்லமாட்டாள். கால் பழக்கத்தை நம்பாமல் கண்ணை நம்பட்டும் என்கிறார் அத்தான். இது நல்ல யோசனையா, இருக்கிறதையும் கெடுத்துவிடுமா, தெரியவில்லை. ஆனால் வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் வந்துவிட்டது.

ஏப்ரல் 20

கால் ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறது. முதலில் மெல்லத் தொட்டுக் கேட்கிறது: எந்தப் பக்கம் போவாய்? பதில் வந்த பிறகுதான் அழுத்துகிறது. 83. அக்காவுக்குத்தான் அதிகாரம் தலைக்கேறிவிட்டது. சாப்பிடும்போது கூட சுவிட்சைக் கீழே வைப்பதில்லை.

ஏப்ரல் 27

முடிந்தது. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பெரிய கூடம், வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு இயந்திரம். காதில் யாரோ ஒரு ஆணின் வறட்டுக் குரல். அக்காவை நினைத்துக்கொண்டேன். முதல் இரண்டு சுற்றும் நன்றாகப் போயின. கடைசிச் சுற்றுக்கு முன்னால் அதிகாரி சொன்னார்: இதில் முன்னறிவிப்பு இல்லாமல் கட்டுப்பாடுகள் மாறும், சமாளியுங்கள்.

பாதியில் மாறியது. இடது காலை அழுத்தினேன், வளையம் வலப்பக்கம் போயிற்று. அட, எங்கள் வீட்டுப் பெடல்! பக்கத்துத் தடுப்புகளிலிருந்து பெருமூச்சும் முனகலும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதில் காதில் வந்த என் எண்ணைக் கோட்டை விட்டேன். அதிகாரி திரும்பி முறைத்தார். அவருக்கு எப்படிச் சொல்வேன், கட்டிலிலிருந்து கழற்றிய பலகையைப் பற்றி?

பிறகு காத்திருப்பு. ஒரு எண் தவறியதற்கே எல்லாம் போய்விடும் என்று தோன்றியது. தேறியவர்களின் எண்களைப் படித்தார்கள். படிக்கப்படாதவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். என் பை நாற்காலிக்கடியிலேயே இருந்தது.

வெளியே வந்தபோது அத்தான் மரத்தடி பெஞ்சில் இருந்தார். உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு காலும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் நின்றுபோயின. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மனுஷர் எழுந்திருக்கவில்லை. முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

மே 5

பெண் குழந்தை. அக்கா ஆஸ்பத்திரி வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தாள்.

அக்டோபர் 14

பயிற்சிக் கூடத்துக்கு வந்து மூன்றரை மாதம். இன்று முதல் முறையாக நிஜ விமானத்தில், பக்கத்தில் பயிற்றுநர் இருக்க, என் கையில் என் காலில் கொஞ்ச நேரம். முதலில் பெடலை மெல்லத் தொட்டேன். ஏன் தயங்குகிறாய் என்றார். கேட்டுக்கொள்கிறேன் சார் என்றேன். இடது காலை அழுத்தினேன். விமானத்தின் மூக்கு இடப்பக்கம் நகர்ந்தது. கீழே வயல்கள், ஒரு குளம், நிறைய வெயில். இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அறிந்ததில்லை.

இறங்கியதும் வீட்டுக்குப் போன் செய்தேன். இடது கால், இடது பக்கம், அத்தான் என்றேன். அவர் கேட்டுவிட்டு, இங்கேயும் ஒரு சேதி இருக்கிறது என்றார். பாப்பா இன்று காலையில்தான் முதல் முறையாகப் புரண்டாளாம்.

"இடது காலை ஊணி ஒரு தள்ளு தள்ளினா பாரு, நேரா வலது பக்கம். அப்பவே சொன்னேன்ல, என் வயரிங்தான் சரின்னு."

பின்னால் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. அத்தான் அந்தப் பலகையை இன்னும் கழற்றவில்லையாம்.